இழுப்பு, இருமல், தும்மல், தடிப்பு: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. உதடு நீலமாகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழியும் விலா இடுக்கும் உள்ளே குழிகின்றன. ஆள் குழம்புகிறார் அல்லது அசந்து போகிறார். இன்ஹேலர் அடித்தும் சில நிமிடங்களில் தேறவில்லை. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: இவ்வளவு நேரம் விசில் மாதிரி கேட்ட சத்தம் திடீரென்று நின்றுவிட்டது, ஆனால் ஆள் தேறவில்லை என்றால், அது நல்ல செய்தி இல்லை. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

வண்டி வரும்வரை ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசரில் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழல்) பொருத்தி ஒரு பஃப், அதாவது ஒரு அழுத்து, அதை 4 தடவை மூச்சு இழுத்து விடச் சொல்லுங்கள். இப்படி ஒவ்வொன்றாக 4 பஃப். பிறகு 4 நிமிடம் பொறுங்கள். தேறவில்லையா, மறுபடி 4. உதவி வரும்வரை இதைத் தொடரலாம்.

ஏதாவது சாப்பிட்ட பிறகோ, பூச்சி கொட்டிய பிறகோ, ஒரு மருந்து எடுத்த பிறகோ திடீரென்று மூச்சுத் திணறி, கூடவே தடிப்பு, வாந்தி, தலைசுற்றல், முகவீக்கம் என்று வந்தால் கதை வேறு. அது அனாஃபிலாக்சிஸ், உயிரையே பறிக்கக்கூடிய கடும் ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசிதான். அலர்ஜி மாத்திரையும் இன்ஹேலரும் அதன் இடத்தைப் பிடிக்காது. அட்ரினலின் நிரப்பிய ஊசிப் பேனா கையில் இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் நடுவில், துணிக்கு மேலேயே குத்தலாம். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள், அப்போது இரத்த அழுத்தம் சட்டென்று சரியும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால், இரண்டாவது ஊசி இருந்தால் அதையும் போடலாம். ஆஸ்துமாவும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்தே இருப்பவருக்குத் திடீரென்று இழுப்பு வந்து, எது என்று புரியாவிட்டால் அட்ரினலின் முதலில், இன்ஹேலர் பிறகு.

சரி, இப்போது நிதானமாகப் பேசலாம்.

எனக்கு ஆறு வயதிலிருந்து வீசிங் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஒரு நீல சால்பியூட்டமால் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு சமாளித்தேன். அடித்தால் அடங்கிவிடும், அதனால் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன். ஓர் இரவு மருத்துவமனையில் ஆக்சிஜனோடு விழித்திருந்தபோதுதான், அடக்குவதும் குணப்படுத்துவதும் வேறு வேறு என்பது எனக்குப் புரிந்தது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் என்னைப் போல அவதிப்பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்கு இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இது நிமிடங்களில் வரும், நிமிடங்களில் போகும். இன்னொன்று, குழாயின் உள்சுவர் அழற்சியால் வீங்கிச் சளியைச் சுரக்கிறது. இது நாள்கணக்கில், வாரக்கணக்கில் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். சால்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். வீக்கத்தை ஆற்றுவது ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர். கீழே வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் இருக்கிறது.

"இன்ஹேலர் அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை"

மருந்தை மாற்றச் சொல்வதற்கு முன், அது நெஞ்சுக்குள் போகிறதா என்று பாருங்கள். சரியாக அடிப்பவர்களுக்கே மருந்தின் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. தவறாக அடித்தால் கிட்டத்தட்ட முழுவதும் அங்கேயே நின்றுவிடும்.

உங்களிடம் இருப்பது அழுத்தினால் பீச்சும் வகையா, உறிஞ்ச வேண்டிய பொடி வகையா? இரண்டுக்கும் முறை நேர் எதிர். பீச்சும் வகையை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கியதும் அழுத்துங்கள். அதே மெதுவில் 4, 5 விநாடி இழுத்து, 10 விநாடி அடக்குங்கள். அடுத்த பஃபுக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். வேகமாக இழுத்தால் துளிகள் தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். பொடி வகைக்கு வேகம்தான் தேவை: மூச்சை விட்டுவிட்டு, முதல் நொடியிலிருந்தே பலமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். விடும் மூச்சு கருவிக்குள் போகக் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டிவிடும்.

பீச்சும் இன்ஹேலர் பிறந்ததே ஒரு சிறுமியின் கேள்வியால்தான். 1955-ல் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மைசனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய மகள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று கேட்டாள். அடுத்த ஆண்டே அது விற்பனைக்கு வந்தது. அந்த எளிமையே அதன் சிக்கலும் ஆனது. ஸ்ப்ரே அடிப்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து, யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் கைகூடவில்லை என்றால் ஸ்பேசர் வாங்குங்கள். அது குழந்தைகளுக்கு மட்டுமான சாமான் என்று பலர் கூச்சப்படுகிறார்கள். நான் இன்றும் அதில்தான் எடுக்கிறேன். மாதம் ஒரு தடவை பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

முறை சரி, ஆனாலும் பலன் இல்லையா? டப்பா காலியாக இருக்கலாம். பெரும்பாலான சால்பியூட்டமால் டப்பாக்களில் 200 பஃப் இருக்கும். அது தீர்ந்த பிறகும் உள்ளே மிஞ்சிய வாயு புஸ்ஸென்று பீச்சிக்கொண்டே இருக்கும், மருந்து இருக்காது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை இல்லை. எண்ணிக்கை காட்டும் டப்பாவாக வாங்குங்கள், இல்லையென்றால் தொடங்கிய தேதியை ஒட்டி எழுதி நீங்களே கணக்கு வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இரைப்பு அசையவே இல்லை என்றால், அது ஆஸ்துமாதானா என்ற கேள்வியை மருத்துவரிடம் வையுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம், கழுத்து இறுகும் உணர்வு, சட்டென்று வந்து சட்டென்று போவது எல்லாம் குரல்நாண் தவறான நேரத்தில் மூடிக்கொள்வதால் வரலாம். அதற்கு மூச்சுப் பயிற்சிதான் சிகிச்சை. வயதானவர் தட்டையாகப் படுத்தால் திணறுகிறார், காலும் வீங்கியிருக்கிறது என்றால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"நன்றாகத்தான் கேட்கிறது, ஆனால் அடிக்கடி தேவைப்படுகிறது"

நான் மாட்டிக்கொண்டிருந்தது இதில்தான். கேட்கிறது என்பதாலேயே இதை யாரும் கோளாறாக நினைப்பதில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

கடந்த 4 வாரங்களை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இழுப்போ இருமலோ வந்ததா? நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? ஆஸ்துமாவால் ஒரு இரவாவது விழித்தீர்களா? செய்ய நினைத்த எதையாவது மூச்சுக்குப் பயந்து விட்டீர்களா? நான்குக்கும் இல்லை என்றால் கட்டுப்பாடு நன்று. ஒன்றோ இரண்டோ ஆம் என்றால் அரைகுறை. மூன்று, நான்கு ஆம் என்றால் ஆஸ்துமா உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டிக் குழுவான கினா வைத்திருக்கும் கேள்விகள் இவை.

டப்பாக் கணக்கும் பேசும். வருடத்துக்கு 200 பஃப் டப்பா மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடுமையான தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்ந்தால் உயிராபத்தே கூடுகிறது. நான் மாதம் ஒன்று தீர்த்துக்கொண்டிருந்தேன். மருந்துக் கடையில் யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

இதைச் சரிசெய்ய நீல இன்ஹேலரைக் குறைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பது வழி இல்லை. மூச்சு திணறும்போது அது தேவை, தயங்காமல் எடுங்கள். அதன் தேவையே குறையும்படி அடியில் உள்ள வீக்கத்தை ஆற்ற வேண்டும். 2019-லிருந்து கினா, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று சொல்கிறது. லேசான ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு உள்ளிழுக்கும் மருந்து ஏதாவது ஒரு வடிவில் வேண்டும். பியூடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைச் சிலருக்குத் தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் ஒன்றாகவே தருகிறார்கள், ஃபார்மோடெரால் சில நிமிடங்களிலேயே வேலை செய்வதால். ஆனால் சால்மெடெரால் கலந்த இன்ஹேலரை அப்படி நிவாரணத்துக்கு எடுக்கக் கூடாது, அது மெதுவாகத்தான் வேலை தொடங்கும். டப்பாவில் உள்ள பெயரைப் படித்து மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் வரும் பயம் எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு அந்தப் பயம் இருந்தது, அதனாலேயே சிறுவயதில் தடுப்பு மருந்து எனக்குத் தொடங்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, யாரும் அவருக்குக் கணக்கைச் சொல்லவில்லை. பெரியவர்களுக்குக் குறைந்த அளவு பியூடெசோனைடு என்பது நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம், அதுவும் நேரே நுரையீரலுக்கு. தடுப்பு எடுக்காமல் தாக்குதல் வந்தால் தரும் ப்ரெட்னிசோலோன் மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம், உடம்பு முழுக்க. இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஆனாலும் எதைத் தவிர்க்க எதை எடுக்கிறோம் என்பது இதில் தெரியும். தடுப்பு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். வாயில் வெண்படலமும் குரல் கம்முவதும் அதனாலேயே பெருமளவு குறையும்.

முதல் நாளே பலன் தெரியாது. சில நாட்களில் லேசாகத் தெரியும், முழுப் பலனுக்கு வாரங்கள் ஆகும். "எடுத்தேன், ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிட்டேன்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாக்கியம்.

"இரவில் இருமி எழுந்துகொள்கிறேன்"

விடியலுக்கு முன், சுமார் 4 மணிக்கு மூச்சுக்குழாய் இயல்பாகவே மிகவும் சுருங்கியிருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தச் சுருக்கம் பெரிதாகிறது. சிலருக்கு வீசிங் சத்தமே வராது, வறட்டு இருமல் மட்டும்தான். இருமல் மருந்து பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் தீராத இருமல் ஆஸ்துமாவாக இருக்கலாம்.

அதை நிரூபிக்க எளிய கருவி, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். இரண்டு வாரம், காலை எழுந்ததும் ஒரு தடவை, மாலை ஒரு தடவை ஊதி எழுதுங்கள். மாலை 450, காலை 360 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 90, சராசரி 405, ஏற்ற இறக்கம் சுமார் 22 விழுக்காடு. இப்படி நாள்தோறும் கணக்கிட்டதன் சராசரி பெரியவர்களுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆஸ்துமா என்பதற்கு அது வலுவான சான்று. அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் கொடுங்கள்.

அப்புறம் படுக்கை. நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகளின் எச்சம்தான் பலருக்கு இரவுச் சிக்கல். தலையணைக்கும் மெத்தைக்கும் நெருக்கமாக நெய்த மூடிய உறை, வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீரில் விரிப்பு சலவை, அறையின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன். ஒன்றை மட்டும் செய்துவிட்டு எதிர்பார்க்காதீர்கள். இதற்கென்று காற்று சுத்திகரிப்பான் வாங்கவும் அவசரப்பட வேண்டாம். தூசிப் பூச்சியின் எச்சம் கனமானது, கிளறினால் ஒழியக் காற்றில் நிற்பதில்லை. பூனையின் ஒவ்வாமைப் பொருள் அப்படி இல்லை, மணிக்கணக்கில் மிதக்கும். பூனை வீட்டை விட்டுப் போன பிறகும் மாதக்கணக்கில் தங்கும்.

படுத்ததும் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்றால் வயிற்று அமிலம் மேலேறுவதையும் சந்தேகியுங்கள். இரத்த அழுத்தத்துக்கு எனாலபிரில், ராமிபிரில் வகை மாத்திரை எடுப்பவருக்குத் தொண்டை கரகரத்து வறட்டு இருமல் வருவது அந்த மாத்திரையாலேயே இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

"தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு"

காய்ச்சல் இல்லை, அரிப்பு இருக்கிறது, தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது, பத்து நாளைத் தாண்டியும் தீரவில்லை என்றால் அது சளி இல்லை, அலர்ஜி. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு அல்லது இரத்தம் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விடுகிறீர்களா? ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகைகளை 3 முதல் 5 நாளுக்கு மேல் விட்டால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். மறுபடி விடத் தோன்றும். அந்தச் சுழலை உடைக்க ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயின் துணையோடு சொட்டு மருந்தை நிறுத்த வேண்டும்.

அந்த ஸ்ப்ரேயையும் பலர் தவறாக அடிக்கிறார்கள். தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், காதை நோக்கி இருக்கட்டும். மென்மையாக உறிஞ்சினால் போதும். தொண்டையில் மருந்து கசந்தால் பலமாக உறிஞ்சிவிட்டீர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். அலர்ஜி மாத்திரை தூங்க வைக்கிறது என்றால், அது குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகையாக இருக்கும். ஃபெக்சோஃபெனடின், லோராடடின் மிகக் குறைவாகவே தூக்கம் தரும்.

மூக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் இடிமழையோடு புல்லின் மகரந்தத் துகள்கள் உடைந்து பரவி, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை, மகரந்தத் தும்மல் மட்டும்தான் இருந்தது.

"ஓடினால் இரைக்கிறது"

ஓடி முடித்து 5, 10 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணி, ஒரு மணியில் தணிந்தால் அது ஆஸ்துமாவின் வடிவம். ஓடுவதற்கு முன் உடலை மெல்லச் சூடேற்றுங்கள். மருத்துவர் சொன்னால் 10, 15 நிமிடம் முன்பு இன்ஹேலர் எடுங்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் அது தேவைப்பட்டால் அடியில் வீக்கம் இருக்கிறது, தடுப்பு மருந்துப் பகுதிக்குத் திரும்புங்கள். விளையாட்டை நிறுத்துவது தீர்வு இல்லை, குழந்தைக்கு அப்படிச் சொல்லவே சொல்லாதீர்கள்.

"வலி மாத்திரை போட்ட பிறகு இழுத்தது"

ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் எடுத்து அரை மணியிலிருந்து மூன்று மணிக்குள் மூக்கடைப்பும் இழுப்பும் வந்தால், குறிப்பாக மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ளவருக்கு, அந்த மருந்துக் குடும்பம் முழுவதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். ஆஸ்துமா உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலோருக்கு இவை ஒன்றும் செய்வதில்லை. ப்ரொப்ரானலால் மாத்திரையும், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டும்கூட மூச்சுக்குழாயை இறுக்கும். கண்ணில் விடுவது நெஞ்சை என்ன செய்யும் என்று யாருக்கும் தோன்றாது, அதனால் கண் மருத்துவரிடம் ஆஸ்துமா பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

"விடுமுறையில் நன்றாக இருக்கிறேன், வேலைக்குப் போனால் தொடங்குகிறது"

மாவு, மரத்தூள், இரண்டு பாகம் கலக்கும் தெளிப்பு வண்ணப்பூச்சு, ரப்பர் கையுறை, ஆய்வுக்கூட விலங்கு எல்லாம் புதிதாகவே ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் நாளுக்கு நான்கு தடவையாவது பீக் ஃப்ளோ எழுதினால் வித்தியாசம் தாளிலேயே தெரியும். தள்ளிப்போட வேண்டாம். நீண்ட காலம் அதிலேயே இருந்தால், வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிவிடலாம்.

"தோலில் தடிப்புத் தடிப்பாக"

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் அது மறைந்து வேறிடத்தில் வந்தால் சாதாரண அலர்ஜித் தடிப்பு வகை. அதே இடத்தில் நின்று, வலித்து, கன்றிய தழும்பு விட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். 6 வாரத்துக்கு மேல் தினமும் வந்தால் பெரும்பாலும் வெளிப்பொருள் எதுவும் காரணமாக இருக்காது. ஒவ்வொரு உணவாக விட்டுப் பட்டினி கிடக்காதீர்கள், தினசரி அலர்ஜி மாத்திரையை மருத்துவர் அளவு பார்த்துக் கூட்டித் தருவார்.

அலர்ஜி சோதனைச் சீட்டில் பத்துப் பொருள் சிவப்பாக வந்ததா? நேர்மறை என்றால் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் வைத்திருக்கிறது என்றுதான் பொருள். அதைச் சாப்பிட்டாலோ சுவாசித்தாலோ அறிகுறி வந்தால்தான் அது அலர்ஜி. சீட்டை மட்டும் பார்த்து வளரும் குழந்தையின் சாப்பாட்டைக் குறைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனம் தாங்கவில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முன் அலர்ஜி மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் எதுவுமே காட்டாது.

"இப்போது ஒன்றுமே இல்லை, மருந்தை நிறுத்தலாமா?"

ஒன்றும் இல்லாமல் இருப்பதே மருந்தால்தான். கட்டுப்பாடு மூன்று மாதம் நன்றாக நிலைத்த பிறகு, மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். ஒரேயடியாக விட்டால் வீக்கம் மெல்லத் திரும்பும், உங்களுக்குத் தெரிய வாரங்கள் ஆகும்.

அடுத்த தடவை போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் முன்னால் அடித்துக் காட்டி, சரியா என்று கேளுங்கள். எந்த மருந்து எத்தனை பஃப், எந்த நிலையில் கூட்டுவது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் ஒரு படி வீட்டுச் சுவரில் இருக்கட்டும், இன்னொன்று பகலில் உங்களோடோ உங்கள் குழந்தையோடோ இருப்பவர் கையில்.